ஏரி யாருடையது? சிறுசேரிக் கரையில் என் மாணவன் கேட்ட கேள்வி



பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். "சார், ஒரு இடத்துக்குப் போய்ட்டு வரலாம், வாங்க" என்று காரில் ஏற்றிக்கொண்டான். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். சிறுசேரி சிப்காட்டில் வேலை, பக்கத்திலேயே அடுக்கு மாடியில் சொந்த வீடு, அந்தக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான்.

அவன் கூட்டிப்போன இடம் சிறுசேரி ஏரிக்கரை. ஒரு பக்கம் தண்ணீர், கொக்குகள், சீமைக் கருவேலப் புதர். தலையைத் திருப்பினால் கண்ணாடிக் கட்டடங்கள். கரையில் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னான்.

"சார், மேற்குலேர்ந்து ஏரிக்குத் தண்ணி வர்ற கால்வாய் ஒண்ணு எங்க காம்பவுண்டு ஓரமாத்தான் போகுது. மண்ணும் குப்பையும் மூடிக் கெடக்கு. முறைப்படி அனுமதி வாங்கி, வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டா தூர் வாரிடலாம். ஆனா மீட்டிங்ல பாதிப் பேர், 'ஏரி கவர்மெண்டுது, நாம ஏன் காசு போடணும்'ங்கறாங்க. அடுத்த மாசம் மறுபடி மீட்டிங் வெச்சிருக்கோம். நீங்க சொல்லுங்க சார், ஏரி யாருது?"

உடனே எனக்குப் பதில் வரவில்லை. அவனே சிரித்துக்கொண்டு தொடர்ந்தான். "உத்திரமேரூர் ஏரி வாரியத்துல எத்தன பேருன்னு கேட்டு மார்க் போடுவீங்க. ஆறு பேர், இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா ஸ்கூலுக்குப் பின்னால இருந்த ஏரிக்கு எங்கள ஒரு தடவகூடக் கூட்டிட்டுப் போகலையே சார்."

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு நன்றாகவே உறைத்தது. இத்தனை வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். ஜன்னல் வழியே ஏரி தெரிகிற வகுப்பறையில் நின்றுகொண்டு, ஏரியைப் புத்தகத்தில் மட்டும் காட்டியிருக்கிறேன். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இந்தப் பதிவு.

வகுப்பில் நான் விட்டதற்கு ஓர் உதாரணம். காஞ்சிபுரம் பக்கத்தில் உள்ள கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு, பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டு. அதில் அவனுடைய தாத்தா நரசிம்மவர்மன், மணிமங்கலத்தில் சாளுக்கியரை வென்ற செய்தி இருக்கிறது. மணிமங்கலம் நமக்குப் புது ஊர் இல்லை, தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர் தாண்டினால் வந்துவிடும். அதே செப்பேட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. கூரத்தில் பரமேஸ்வர தடாகம் என்ற ஏரி இருந்ததையும், அதற்குப் பாலாற்றிலிருந்து வாய்க்கால் வெட்டியதையும் அது சொல்கிறது. நான் பரீட்சையில் கேட்டது போரைப் பற்றி. ஏரியைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

முதலில் ஏரி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குளம் என்றும் பள்ளம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் ஏரி தோண்டப்பட்டதல்ல. நம் செங்கல்பட்டுச் சீமை மேற்கே சற்று மேடு, கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரியும் பூமி. பெரிய ஜீவநதி கிடையாது. வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைத்தால்தான் தை மாதத்தில் அறுவடை. எனவே சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். மேட்டுப் பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். தண்ணீர் வரும் வழி அதுதான்.

கரையில் இரண்டு முக்கியமான உறுப்புகள். ஒன்று மதகு. வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாசல். பழைய மதகில் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும், அதை அடைக்க ஒரு மரச் செருகு, செருகை மேலே தூக்க ஒரு நீளக் கம்பு. அவ்வளவுதான் இயந்திரம். இன்னொன்று கலங்கல். ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கல் தளம். அதன் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியப்போகிற நேரத்தில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணையும் புல் கட்டியையும் வைத்து அடைத்தால் இன்னும் ஒரு முழம், இரண்டு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும். பெருமழை வந்தால் அடைப்பைத் தட்டிவிட்டால் போதும், கரை பிழைத்துக்கொள்ளும். வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு இதற்கு அவர்கள் மொழியில் சொல் கிடைக்கவில்லை. நம்முடைய 'கலிங்கு' என்ற சொல்லையே 'கலிங்குலா' என்று எடுத்துக்கொண்டார்கள்.

கலங்கல் தாண்டிய தண்ணீர் வீணாவதில்லை. அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்து ஏரிகள் எல்லாம் இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. 31 ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போவதாகக் கணக்கு. சிறுசேரிப் பக்கத்துத் தண்ணீருக்கும் கடைசியில் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் கோவளமும்தான் கதி.

இதில் எங்காவது டீசல் இருக்கிறதா, மோட்டார் இருக்கிறதா? மண், கல், மரம். எல்லாம் அந்தந்த ஊரில் கிடைப்பது. பழுதானால் அந்த ஊர்க்காரரே சரிசெய்யலாம். கோடையில் ஏரி வற்றினால் வண்டலை மாட்டு வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பார்கள். நிலத்துக்கு எரு, ஏரிக்குத் தூர். ஒரே வேலையில் இரண்டு பலன். குயவருக்குக் களிமண், கரையில் பனை, தண்ணீரில் மீன். மீன் பாசிக் குத்தகையில் வருகிற காசு ஊர்ப் பொதுக் காரியத்துக்கு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மண் கரை தானாக ஆயிரம் வருஷம் நிற்காது. ஒவ்வொரு மழைக்கும் கரையும், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வண்டல் சேரும், எலியும் நண்டும் ஓட்டை போடும். வருஷா வருஷம் ஆள் வேண்டும், வேலை வேண்டும், கூலி வேண்டும். அந்தக் கூலி எங்கிருந்து வந்தது? நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட பாடம் அதுதான்.

உத்திரமேரூர் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை, கி.பி. 919, 921. குடவோலையில் பெயர் எடுத்து ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும், சொந்த நிலமும் மனையும் வேண்டும், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் அடுத்த முறை நிற்க முடியாது. இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஏரிக்கென்றே ஓர் அமைப்பு, அதற்கென்று பொறுப்பு, கணக்கு எல்லாம் ஊருக்குள்ளேயே இருந்தன என்பதுதான் இதன் பொருள்.

800 வருஷம் கழித்து இன்னொரு ஆவணம். இது நம்முடைய மாவட்டத்தைப் பற்றியதே. 1760-களில் ஆற்காட்டு நவாப், சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கையில் வந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை கணக்கெடுத்தது. சுமார் 2,000 ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீடு, யார் என்ன தொழில், எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, யாருக்கு எவ்வளவு மானியம் என்று எல்லாம் எழுதப்பட்டன. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பனை ஓலையில் எழுதிய மூலக் கணக்குகளிலும் பல இன்றும் இருக்கின்றன. காந்தியவாதி தரம்பால் 1960-களில் சென்னை ஆவணக் காப்பகத்தில் இந்தப் பதிவுகளைப் பார்த்து வெளியே கொண்டுவந்தார். பிறகு சென்னையின் சென்டர் ஃபார் பாலிசி ஸ்டடீஸ் ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள்.

அந்தக் கணக்கில் தெரிவது இது. களத்தில் நெல் அடித்ததும், அரசாங்கத்துக்கு இவ்வளவு, குடியானவனுக்கு இவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்பாகவே ஊர்ப் பொதுவுக்கென்று பங்குகளை எடுத்து வைத்துவிடுவார்கள். மேரை, சுதந்திரம் என்று அதற்குப் பெயர். கோயிலுக்கு, கணக்குக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு. அந்த வரிசையில் ஏரிக்கும் பங்கு உண்டு. மொத்த விளைச்சலில் சுமார் 4 முதல் 5 சதவீதம் ஏரிக்கும் பாசன வேலைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதோடு ஏரியைப் பார்த்துக்கொள்பவருக்கு வரியில்லாத மானிய நிலம்.

'அறுவடை நன்றாக இருந்தால் பார்க்கலாம்' என்ற பேச்சே இல்லை. ஏரிக்கு எடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. விளைச்சல் கூடினால் ஏரியின் பங்கும் கூடும். எந்தத் தண்ணீரால் நெல் விளைந்ததோ அந்த ஏரிக்கே நெல்லிலிருந்து திரும்பப் போகிறது.

இதன் கடைசி மிச்சத்தை நானே பார்த்திருக்கிறேன். மதுராந்தகம் பக்கம் என் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஊர். நம் உறவில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நீர்கட்டி என்று ஒருவர் இருந்தார். எந்த மடை எப்போது திறக்கும், யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் மனதில். தாத்தா நிலக்காரர்தான், ஆனால் தண்ணீர் விஷயத்தில் நீர்கட்டி சொன்னதுதான் சட்டம். தை மாதம் களத்தில் நெல் குவிந்ததும் மரக்காலால் அளந்து முதலில் அவருக்குப் போடுவார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. "ஏன் தாத்தா, முதல்ல அவருக்கு?" என்று கேட்டேன். "அவன் இல்லேன்னா இந்தக் குவியலே இல்லடா" என்றார்.

இந்தக் கதையின் மறுபாதியைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் பழைய வாத்தியார்தான்.

இந்த ஏற்பாடு எப்படி உடைந்தது? யாரும் கரையை இடிக்கவில்லை. கம்பெனிக்கு வேண்டியது வருமானம். களத்திலேயே எடுத்து வைக்கிற மேரையும் வரி கட்டாத மானியமும் அவர்கள் கண்ணுக்கு நஷ்டமாகத் தெரிந்தன. கொஞ்சம் கொஞ்சமாக அவற்றைக் குறைத்தார்கள், பணமாக மாற்றினார்கள், அரசுக் கணக்கில் சேர்த்தார்கள். 1820-களில் தாமஸ் மன்றோ காலத்தில் ரயத்துவாரி முறை நிலைத்தபோது, ஒவ்வொரு குடியானவனும் தனித்தனியே அரசாங்கத்துக்கு வரி கட்டுபவன் ஆனான். ஊர் என்ற பொதுக் களமும் அதில் ஏரிக்கென்று இருந்த பங்கும் தேய்ந்தன. நெல் ஊரைவிட்டுப் போயிற்று, ஏரி மட்டும் ஊரிலேயே இருந்தது.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதை எல்லோருக்கும் தெரியும். 1790-களில் ஜாகீருக்குக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பெருமழை இரவில் கரை உடையுமோ என்று பார்க்கப் போனபோது வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டார், கரை உடையவில்லை, நன்றிக்குத் தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார் என்பது கதை. கோயில் கல்வெட்டில் அவர் பெயரை இன்றும் பார்க்கலாம். பக்தியோடு கேட்டால் ஒரு கதை. வரலாற்று வாத்தியார் கேட்டால் இன்னொரு கேள்வியும் எழுகிறது. நடுராத்திரியில் கரையைப் பார்க்கக் கலெக்டர் ஏன் ஓட வேண்டியிருந்தது? ஊரின் பங்கு கம்பெனிக்குப் போகத் தொடங்கிய பிறகு, கரையைப் பற்றிய கவலையும் கூடவே போனது. பிளேஸ் அக்கறை உள்ளவர். எல்லாக் கலெக்டர்களும் அப்படி இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏரிகள் சீரழிந்து வருமானமே குறைந்தபோது அரசு விழித்துக்கொண்டது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊரார் கூலி வேலைக்கு வந்தே ஆக வேண்டும், வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவருக்குத் தண்டம். குடி நம் சொல், மராமத்து அரபியிலிருந்து உருது வழியாக வந்த சொல். வழக்கமாக இருந்தவரை அதற்குச் சட்டம் தேவைப்படவில்லை. பங்கைப் பறித்துக்கொண்டு வேலையை மட்டும் கேட்டதால்தான் சட்டம் தேவைப்பட்டது. அந்தச் சட்டமும் பெரிதாகப் பயன்படவில்லை. 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று தனியாக ஒன்று தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்துக்கு என்று பிரித்தார்கள். தமிழ்நாட்டில் இன்று 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் கணக்கில் உண்டு. 1960-களில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் ஏரிப் பாசனம் இருந்தது. இப்போது ஏறக்குறைய பாதி. கிணறும் பம்புசெட்டும் வந்ததும் ஒரு காரணம். தனக்கென்று மோட்டார் வைத்திருப்பவருக்குப் பொதுக் கரையைப் பற்றி ஏன் கவலை?

'ஏரி கவர்மெண்டுது' என்று அந்த மீட்டிங்கில் சொன்னவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஏறக்குறைய 200 வருஷமாக நமக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது அதுதான்.

இப்போது தாத்தா கதையின் மறுபாதி. களத்தில் முதல் மரக்கால் நெல் வாங்கிய அந்த நீர்கட்டி, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தெருவில் நின்றுதான் பேசுவார். என்னைவிட மூத்தவரை நாங்கள் பிள்ளைகள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. கரைக்கு மண் சுமந்தவர்களில் பெரும்பாலோருக்கும் கிடையாது. தண்ணீர் அவர்கள் கையால் பாய்ந்தது, பிறர் வயலில் பாய்ந்தது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர், இந்த மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். தலைமுறைக் கணக்கில் கடனுக்கும் அடிமை வேலைக்கும் கட்டுண்டு கிடந்ததை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதை அதில் பதிவு செய்தார். அதை ஒட்டித்தான் 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. உத்திரமேரூர் வாரியத்திலும் நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்குத்தான் இடம் என்பதையும் நான் வகுப்பில் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆகவே 'பழைய காலம் பொற்காலம்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏரிக்குப் பங்கு ஒதுக்கியது நல்ல ஏற்பாடு. ஏரியில் உழைத்தவர்களுக்கு உரிமை கொடுக்காதது அதன் பெரிய ஓட்டை. முதலாவதைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர்கள் இரண்டாவதைக் கொண்டுவராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உலகத்தில் இதைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. நம் தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். காந்தியோடு சேர்ந்து, 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். வாழ்வின் கடைசி வருஷங்களை மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்தார். எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் வளத்தை நம்பிய வாழ்க்கை, திரும்பத் திரும்ப ஊறும் வளத்தை நம்பிய வாழ்க்கை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவதுதான் நிலைக்கும் என்றார். அவர் எழுத்தைப் படித்து மதித்தவர் ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர். 'சிறியதே அழகு' என்று 1973-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தால்தான் 'ஊருக்கேற்ற தொழில்நுட்பம்' என்ற பேச்சு உலகெங்கும் பரவியது.

அதன் பிறகு எத்தனையோ திட்டங்கள். சாண எரிவாயுக் கலன், புகையில்லா அடுப்பு, சூரிய விளக்கு, கைப்பம்பு. நானே பள்ளிக் கண்காட்சிகளில் மாணவர்களை வைத்து மாதிரி செய்திருக்கிறேன். பல ஊர்களில் இரண்டு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் கலனில் கோழி அடைந்திருக்கும். கருவியில் பெரும்பாலும் தப்பில்லை. பழுதானால் யார் சரிசெய்வது, அதற்குப் பணம் எந்தக் கணக்கில் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஏரிக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் அது நூற்றாண்டுகள் நின்றது. அந்தப் பங்கு போனதும் விழுந்தது. இந்த வயதில் எனக்குப் புரிந்த பாடம் இவ்வளவுதான்.

இனி இன்றைக்கு வருவோம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரில் மாடியில் நின்று படகுக்குக் கை காட்டியவர்கள் நம் சொந்தங்களிலேயே இருக்கிறார்கள். நாலே வருஷத்தில், 2019 ஜூனில், ஓ.எம்.ஆர். கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. ஒரே ஊருக்கு வெள்ளமும் வறட்சியும். இரண்டையும் தாங்கத்தான் ஏரி. வரத்துக் கால்வாய் அடைபட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏரிக்குப் போகாமல் வீட்டுக்குள் போகும், கோடையில் ஏரியிலும் இருக்காது, நிலத்தடியிலும் இருக்காது.

2017 மார்ச்சில் அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி தொடங்கியது. தொடக்க விழா நடந்த இடம் அதே மணிமங்கலம். முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். பாசன விவசாயிகள் பங்காக 10 சதவீதம், பணமாகவோ உழைப்பாகவோ. செம்பாக்கம் ஏரியில் கேர் எர்த் அறக்கட்டளை, நேச்சர் கன்சர்வன்சி, ஐ.ஐ.டி. மெட்ராஸ் எல்லாம் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். நல்ல காரியங்கள்தான். ஆனால் அடுத்த வருஷத்து வண்டலுக்கும் அதற்கடுத்த வருஷத்து வண்டலுக்கும் யார்? ஒரு தடவை தூர் வாருவது திட்டம். வருஷா வருஷம் வாருவதற்கு ஊர் வேண்டும்.

சிறுசேரியில் இப்போது ஆயக்கட்டில் நெல் இல்லை, களம் இல்லை, மரக்கால் இல்லை. ஏரித் தண்ணீரால் யாருக்கு லாபம் என்று அந்த மீட்டிங்கில் கேட்பார்கள். என் மாணவனுக்கு நான் சொன்னது இது. உங்கள் ஆழ்துளைக் கிணற்றில் ஊறுவது, பக்கத்து ஊர்க் கிணற்றிலிருந்து லாரியில் வருவது எல்லாம் இந்த ஏரிகள் நிலத்துக்குள் இறக்கிய தண்ணீரைச் சேர்த்துத்தான். நெல் போடாவிட்டாலும் நீங்களும் ஆயக்கட்டுக்காரர்கள்தான்.

"உங்க மெயின்டனன்ஸ் மாசம் எவ்வளவுப்பா?" என்று கேட்டேன். "நாலாயிரம் சார்." லிஃப்டுக்கு உண்டு, ஜெனரேட்டருக்கு உண்டு, செக்யூரிட்டிக்கு உண்டு, செடிக்கு உண்டு. ஏரிக்கு இல்லை. பழைய செங்கல்பட்டுக் கணக்குப்படி 4 சதவீதம் என்றால் 160 ரூபாய். "சண்டை வந்த பிறகு வசூல் பண்ணாதே, எல்லாச் செலவுக்கும் முன்னாடி எடுத்து வை. களத்துல அப்படித்தான் எடுத்தாங்க" என்றேன்.

இன்னும் மூன்று விஷயம் சொன்னேன். உங்கள் ஊர் ஏரிக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்று, அழகுபடுத்துகிறேன் என்று ஏரியைச் சுற்றி வட்டமாகக் கரை போட்டு நடைபாதை போடாதீர்கள். மேட்டுப் பக்கம் திறந்திருக்க வேண்டும். அதை மூடினால் ஏரி, தண்ணீர் வர வழியில்லாத பெரிய தட்டு. கலங்கலையும் மதகையும் அனுமதியில்லாமல் தொடவே கூடாது. கலங்கலை உயர்த்தினால் மேலே இருப்பவன் வீடு முழுகும், உடைத்தால் கீழே இருப்பவன் வீடு முழுகும்.

இரண்டு, தூர் வாருவதற்கு முன்னால் உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். மழைநீர்க் கால்வாயில் கலந்தால், நீங்கள் வாரிய வாய்க்கால் சாக்கடையைத்தான் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். சிறுசேரி என்பது அடுக்கு மாடிகள் மட்டுமில்லை. பழைய ஊர் ஒன்று அங்கேயே இருக்கிறது. மாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். எந்த மழைக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். காசு போடுபவர் ஓர் இடத்தில் உட்கார்ந்து முடிவெடுத்து, மண் அள்ள மட்டும் அவர்களைக் கூப்பிட்டால், என் தாத்தா காலத்துக்கே திரும்பிப் போகிறோம். கமிட்டியில் அவர்களும் உட்கார வேண்டும். திண்ணையில் இல்லை, நாற்காலியில்.

அவன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டான். "மீட்டிங்ல நீங்களே வந்து பேசுங்க சார்" என்றான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வாய்க்காலுக்கு முதல் 160 ரூபாய் என்னுடையது. வட்டியோடு சேர்த்தால் இன்னும் நிறையத் தர வேண்டும்.

பிள்ளைகளே, ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்கு நீர்கட்டியாக இருந்தவரை யாருக்காவது நினைவிருக்கிறதா? மதகுகளுக்கும் மடைகளுக்கும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பெயர்கள் தெரியுமா? களத்தில் யார் யாருக்கு என்ன அளந்தார்கள்? கேட்டு எனக்கு எழுதி அனுப்புங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் வருஷத்துக்கு ஒருவராகக் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அதே கரையில் இருப்பேன். வர முடிந்தவர்கள் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாற்பது வருஷம் தள்ளிப்போன வகுப்பு அது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்